எனக்கு நானே சொல்லிக்கொள்வது

குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில், சீட்டைக் கையில் வாங்கியதிலிருந்து மருந்தை உறையில் போட்டு நீட்டும்வரை என் வாய் ஓயாது. சீட்டில் எழுதியிருக்கும் மருந்தின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்ததும், அதன்மேல் அச்சிட்டிருக்கும் பெயரை மறுபடியும் படிப்பேன். பிறகு எத்தனை மில்லிகிராம், காலாவதி மாதம் எது, மொத்தம் எத்தனை மாத்திரை என்று ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். புதிதாக வருகிறவர்கள் சிலர், தங்களிடம்தான் பேசுகிறேன் என்று எண்ணி, "என்னம்மா கேட்டீங்க?" என்பார்கள். மருந்தாளுநராக இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பழக்கத்தைப் பாதியில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட மாலைப்பொழுது இன்னும் தெளிவாக நினைவில் இருக்கிறது.

2009-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை பிடித்துக்கொண்டிருந்ததால் காய்ச்சல்காரர்கள் கூட்டம் கடை வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. பெரியவர் ஒருவர் நீட்டிய சீட்டில் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஒரு மாதத்துக்கு எழுதப்பட்டிருந்தது. எங்கள் அலமாரியில் மருந்துகள் அகரவரிசையில் இருக்கும். ஆகவே மெட்ஃபார்மினுக்குப் பக்கத்திலேயே மெட்ரோனிடசோல் இருக்கும். இது வயிற்றுக் கிருமிகளுக்கும் வேறு சில தொற்றுகளுக்கும் தரப்படும் மருந்து. கை எட்டியதை எடுத்து வைத்துவிட்டேன். கண் அதைப் பார்த்தது. பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. உறையின் மேல் வேளைகளை எழுதும்போது, ஏதோ ஒரு நினைப்பில் அட்டையின் பெயரை உரக்கப் படித்தேன். "மெட்ரோ" என்று சொன்ன அளவிலேயே காது விழித்துக்கொண்டது. அந்தப் பெரியவர் ஒரு மாதம் சர்க்கரைக்கு மருந்தே இல்லாமல், தேவையில்லாத மருந்தை மூன்று வேளை விழுங்கியிருப்பார் என்பதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண் ஒரு சொல்லை முழுவதும் படிப்பதில்லை. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும், எதை எதிர்பார்த்ததோ அதைக்கொண்டு மீதியை நிரப்பிக்கொள்கிறது. வாய்க்கு அந்தச் சலுகை இல்லை; ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துத்தான் ஆக வேண்டும். உச்சரித்தது காது வழியாகத் திரும்பி வரும்போது, வேறொருவர் சொல்லிக் கேட்பதைப் போல அதைச் சரிபார்க்க முடிகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் காலின் மெக்லியோடும் உடன் பணியாற்றியவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மௌனமாகப் படித்த சொற்களைவிட வாய்விட்டுப் படித்த சொற்கள் நினைவில் நன்றாகத் தங்குகின்றன என்று காட்டினார்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல மற்றப் பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொன்ன முறையில் எத்தனையோ குறைகள் இருந்திருக்கலாம். வாய்க்கு வேலை கொடுத்த அந்த ஒரு வழக்கத்தை மட்டும் நாம் கைவிட்டிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில், ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றே அழைப்போம். மருந்துக் கடையில் நடந்ததை ஒருநாள் அவரிடம் சொன்னபோது, அவர் வியப்படையவில்லை. எஞ்சினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலையும் கையை உயர்த்திக் காட்டி, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி என்று விளக்கினார். "டிஸ்டண்ட் சிக்னல் மஞ்சள்னு நான் சொன்னா, அவனும் மஞ்சள்னு சொல்லணும்மா. ஆனா நான் சொன்னதைக் கேட்டு அவன் சொல்லக் கூடாது. அவன் கண்ணால பாத்துத்தான் சொல்லணும். இல்லேன்னா ரெண்டு பேர் இருந்தும் ஒருத்தர்தான் இருக்கோம்னு அர்த்தம்" என்றார். ஜப்பானில் இதை இன்னும் முறையாகச் செய்கிறார்கள். ரயில் ஊழியர் தனியாக இருந்தாலும் விரலை நீட்டிச் சுட்டிக்காட்டி, கண்டதை உரக்கச் சொல்கிறார். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் நடத்திய சோதனையில், நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த தவறுகள், சுட்டுவதும் சொல்வதும் சேர்ந்தபோது 0.38 ஆகக் குறைந்தன. அண்ணா இன்றைக்கும் ஸ்கூட்டரில் போகும்போது, துரைசாமி சுரங்கப்பாதை அருகே சிக்னலில் நின்று "சிவப்பு" என்று சொல்லிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் சொன்ன அந்த எச்சரிக்கையின் அருமை எனக்கு வீட்டில்தான் புரிந்தது. கடையில் பலன் கிடைத்த உற்சாகத்தில், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதும் "கேஸ் மூடியாச்சு, மோட்டார் நிறுத்தியாச்சு, இஸ்திரிப் பெட்டி கழற்றியாச்சு" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். சில மாதங்களில் அது மந்திரம்போல வாயில் படிந்துவிட்டது. ஒருநாள் காலை, கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டே அதை ஒப்பித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். மாலையில் திரும்பியபோது சமையலறையில் எரிவாயு வாடை இலேசாக இருந்தது. சிலிண்டரின் ரெகுலேட்டர் திறந்தபடி இருந்திருக்கிறது. குழாயிலும் ஏதோ சிறு கசிவு. விளக்குச் சுவிட்சைத் தொடாமல் சன்னல்களைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கி வந்து நின்றபோது கை கால் நடுங்கியது. அன்றிலிருந்து ஒரு வரிசையை மாற்றாமல் கடைப்பிடிக்கிறேன். கை அந்தப் பொருளைத் தொட்ட பிறகு, கண் அதைப் பார்த்த பிறகுதான் வாய் பேச வேண்டும். ரெகுலேட்டரின் திருகைப் பிடித்தபடியே "மூடியிருக்கு" என்று சொல்கிறேன். தொடாமல் சொல்வதைவிடச் சொல்லாமலே இருப்பது மேல். சொல்லிவிட்டோம் என்ற நினைப்பு, திரும்பிப் போய்ப் பார்க்கவும் விடாது.

தொலைந்ததைத் தேடும்போதும் வாய் உதவுகிறது. என் அம்மா சாவியையோ கண்ணாடியையோ எங்கேயாவது வைத்து மறந்துவிட்டால், "அரைக்காசு அம்மா, சாவி கிடைச்சா வெல்லம் வெச்சுக் கும்பிடறேன், சாவி, சாவி" என்று சொல்லிக்கொண்டே அறை அறையாகப் போவார், பெரும்பாலும் கிடைத்துவிடும். வேண்டுதலின் பலனை அளக்க நான் யார்? ஆனால் அம்மா அந்தப் பொருளின் பெயரை விடாமல் சொன்னார் என்பதும் உண்மை. கேரி லூப்யன், டேனியல் ஸ்விங்லி என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தேடும் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் அதை விரைவாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு வரம்பும் அதில் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னதும் பொருளின் உருவம் உடனே மனத்தில் வருமானால்தான் பலன் உண்டு. வாழைப்பழம் என்றால் உருவம் வந்துவிடும். அதிகம் பழகாத பொருளுக்குப் பெயர் சொல்லித் தேடுவது உதவாது, இடையூறாகக்கூட இருக்கலாம். ஆகவே நான் "அந்த பில்லு எங்கே" என்று தேடுவதில்லை. "மஞ்சள் தாள், மேலே மடிப்பு, மஞ்சள் தாள்" என்று, கண் எதைப் பிடிக்க வேண்டுமோ அதைச் சொல்லித் தேடுகிறேன்.

எண்ணும் வேலையைப் பற்றியும் ஒரு சொல். மார்கழியில் பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரை என்று ஒரு கோலம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் பதினைந்து வைத்துவிட்டு, இரு பக்கமும் இடைப்பட்ட இடங்களில் பதினான்கு, பதின்மூன்று என்று குறைத்துக்கொண்டே வந்து எட்டில் நிறுத்த வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் கடைசிச் சுழி சேராமல் வாசலில் விழித்துக்கொண்டு நிற்கும். நான் குனிந்தபடியே வாய்விட்டு எண்ணித்தான் புள்ளி வைப்பேன். நெல் அளந்தவர்கள் "ஒன்று" என்பதற்குப் பதிலாக "லாபம்" என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று உரக்கச் சொல்லி அளந்ததும், ஏற்றம் இறைத்தவர்கள் சால் கணக்கைப் பாட்டிலேயே சேர்த்துப் பாடியதும் இதற்காகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணும்போது வேறு பாட்டு மட்டும் கூடாது. கடையில் மாத்திரை எண்ணும்போது சொற்களுள்ள பாடலை முணுமுணுத்தால் எண்ணிக்கை தவறுகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாய் ஒரு நேரத்தில் ஒரு காவலைத்தான் செய்யும். ஆகவே சரிபார்க்கும் வேலைக்குப் பேச்சு. பாத்திரம் துலக்குவது, துணி மடிப்பது, கீரை ஆய்வது போன்ற கைக்குப் பழகிய வேலைக்குப் பாட்டு என்று பிரித்து வைத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலைக்கான பேச்சு. மனத்துக்கான பேச்சு வேறு. அதைக் குறிக்க அன்றாடத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள்: புலம்பல், பிதற்றல், உளறல், முணுமுணுப்பு. தனியாகப் பேசுகிறவரைக் குறை சொல்வதற்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. பழைய இலக்கியம் அப்படி நினைக்கவில்லை. திருக்குறளின் 125-ஆவது அதிகாரத்தின் பெயரே 'நெஞ்சொடு கிளத்தல்'. தன் நெஞ்சை எதிரே நிறுத்தி, அதனோடு வழக்காடும் பத்துக் குறள்கள் அதில் உள்ளன. சங்க அகப்பாடல்கள் பலவற்றின் அடியில், தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது என்று குறிப்பு எழுதியிருக்கிறது. பொருள் தேடப் போவதா, இவளோடு இருப்பதா என்ற தடுமாற்றத்தில் அவன் நெஞ்சைக் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறான். தனக்குத்தானே பேசுவதை இவ்வளவு மரியாதையாக வைத்திருந்த மொழியில், அதைச் செய்ய நாம் கூச வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். நான் என்னோடு பேசிய குரல் பல ஆண்டுகள் என்னுடையதாக இல்லை. பால் பொங்கி வழிந்தால், ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனால், "அறிவு இருக்கா உனக்கு? ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுமா?" என்று என் வாயிலிருந்து வரும். அது என் ஆறாம் வகுப்பு ஆசிரியையின் சொற்கள், அவருடைய ஏற்ற இறக்கம் உட்பட. அவரை நான் பார்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய வசை மட்டும் என் வீட்டுச் சமையலறையில் குடியிருந்தது. இதைக் கண்டுகொண்ட பிறகு, அந்த இடத்தில் வேறு யாரை வைக்கலாம் என்று யோசித்தேன். என் பாட்டி நினைவுக்கு வந்தார். எது கவிழ்ந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "கண்ணு, பதறாதே. ஒண்ணொண்ணா பாரு." இப்போது கடையில் கூட்டம் நெரிக்கும்போது நான் எனக்குச் சொல்லிக்கொள்வது அதுவே. முதலில் செயற்கையாகத்தான் இருந்தது. ஓர் ஆண்டுக்குப் பிறகு, தேடாமலே அந்தக் குரல் வந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் உடன் பணியாற்றியவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு அருகில் வருகிறது. பலர் முன்னிலையில் பேசுவது போன்ற பதற்றமான வேலைக்கு முன்பு, "நான்" என்று எண்ணிக்கொண்டவர்களைவிட, தங்கள் பெயரைச் சொல்லியோ "நீ" என்றோ தங்களை அழைத்துக்கொண்டவர்கள் குறைவாகக் கலங்கினார்கள். வேலையையும் நன்றாகச் செய்தார்கள். நமக்கு நாமே சற்றுத் தள்ளி நிற்கும்போது, பிறருக்குச் சொல்வது போன்ற நிதானம் வருகிறது. ஆயினும் தமிழில் "நீ" என்பது கொஞ்சவும் உதவும், திட்டவும் உதவும். ஆகவே எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதோடு, யாருடைய வாஞ்சையோடு அழைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

இன்னொரு வகைப் பேச்சு உண்டு. பாத்திரம் துலக்கும்போது, எதிரில் இல்லாத ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது. உறவினர் ஒருவர் கல்யாண வீட்டில் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் ஒரு கோடை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் என் பதில் கூர்மையானது. ஒவ்வொரு முறையும் வயிற்றெரிச்சலும் கூடியது. பேசப் பேச ஆறுகிறதா, ஏறுகிறதா என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. இப்போது எனக்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு, அவரைப் பார்த்ததும் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை மட்டும் மூன்று முறை சொல்லிப் பார்ப்பது. அதற்கு மேல் வருவதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவேன். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டுக்காரரிடம் வாடகையைப் பற்றி எப்படித் தொடங்க வேண்டும் என்பதற்கெல்லாம் இந்த ஒத்திகை மிகவும் பயன்படுகிறது.

பிறர் காதில் விழக்கூடாதவையும் உண்டு. கடையில் உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி கணக்கில் செய்த பிழையைச் சரிசெய்துகொண்டே, அவளைப் பற்றி நான் முணுமுணுத்தது அலமாரிக்குப் பின்னால் நின்ற அவளுக்குக் கேட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் பழையபடி அவள் என்னிடம் சிரிக்கப் பல மாதங்கள் ஆயின. ரயிலில் மகளிர் பெட்டியில், கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணை வாய்விட்டுச் சொல்லியபடி தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் என் கையைத் தொட்டு, "நம்பரை வெளியே சொல்லாதேம்மா" என்றார். எண்களும் பிறர் பெயர்களும் வாயை விட்டு வெளியே வராமல் இருக்கத் தனியாகப் பழக வேண்டும்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். எட்டாவது படிக்கும்போது பள்ளி இறைவணக்கப் பாட்டுக் குழுவிலிருந்து, சுதி சேரவில்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் குளியலறையில்கூடப் பாடியதில்லை. மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிறைந்துவிடும் ஊர் இது. இவ்வளவு தேர்ந்த பாட்டைப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருப்பது பெரும் பேறு. ஆனால் பாட்டு என்பது கற்றவர்கள் மேடையில் பாட, மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கேட்பது என்ற எண்ணமும் அதோடு வந்து சேர்ந்துவிடுகிறது. தாலாட்டும் நடவுப் பாட்டும் பாடியவர்களிடம் யாரும் சுதி கேட்கவில்லை.

என்னைத் திரும்பப் பாட வைத்தது என் அம்மாவின் நோய். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், எழுபத்து நான்காம் வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரியும். பதிலுக்கு "அது… அது…" என்பதைத் தவிர எதுவும் வராது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் அவர் கண்கள் நிறைவதைப் பார்க்க முடியாது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஒரே அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையின் இடப்புற முன்பகுதியில் ஏற்படும் பாதிப்பால் வரும் இந்தப் பேச்சிழப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒருநாள் பிற்பகல் அம்மாவின் தலையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. என்னை அறியாமல், என் தம்பிக்கு அவர் பாடிய தாலாட்டின் மெட்டு மூக்கால் வந்தது, சொற்கள்கூட இல்லை. என் கைக்குக் கீழே அவர் தலை இலேசாக அசைந்தது. பிறகு "ஆராரோ" என்றார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுமோ என்ற பயம். மாமன், அத்தை என்று உறவுகளை வரிசையாக அழைக்கும் அடிகளை, ஒரு சொல் குழறாமல், அம்மா பாடி முடித்தார். முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அது… அது…" என்றுதான் வந்தது.

பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னபோது, இடப்பக்க மூளை பாதிக்கப்பட்ட பலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு தங்கியிருப்பது அறிந்த செய்திதான் என்றார். பாடுவதில் வலப்பக்க மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. 1973-இல் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் இதை அடிப்படையாகக் கொண்டு ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். ஒன்றை அவர் அழுத்திச் சொன்னார். பழைய பாட்டைப் பாட வைப்பதால் மட்டும் பேச்சு திரும்பாது. பாட்டிலுள்ள சொற்கள் பாட்டோடு ஒட்டிக்கொண்டே இருந்துவிடும். அன்றாடம் தேவைப்படும் வாக்கியத்தை மெட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதன்படி அம்மாவின் இடது கையை என் கையில் வைத்து, அசைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே, ஒரு கீழ்ச்சுரம் ஒரு மேல்சுரம் என்று இரண்டே சுரத்தில் "தண்-ணீர் வே-ணும்" என்று பாடுவோம். முதலில் நான் மட்டும், பிறகு இருவரும், பிறகு நான் பாதியில் நிறுத்த அவர் முடிப்பது, கடைசியில் நான் கேட்க அவர் பதில் சொல்வது. தினமும் இருபது நிமிடம். ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய முப்பது சிறு வாக்கியங்கள் வந்தன. எல்லோருக்கும் இந்த அளவு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப்பின் இடமும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். 2020-இல் காலமாகும்வரை அம்மா தனக்கு வேண்டியதைப் பாடியே கேட்டார். "விளக்-கைப் போ-டு" என்று அவர் பாடிய இரண்டு சுரங்கள் அந்திப் பொழுதில் இப்போதும் என் காதில் விழுகின்றன.

அந்த ஒன்பது மாதங்களில் என் கூச்சம் எங்கோ போய்விட்டது. சுதி சேராத குரலில்தான் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. இப்போது தினமும் பாடுகிறேன். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் எங்கே பாடுவது என்று கேட்பவர்களுக்கு என் வழிகளைச் சொல்கிறேன். மாம்பலத்திலிருந்து குரோம்பேட்டை வரை மின்சார ரயிலின் இரைச்சல் நல்ல திரை. கிண்டி தாண்டி வேகமெடுத்ததும் சன்னலோரமாக நின்று முணுமுணுத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. குளியலறையின் ஓடு பதித்த சுவர்கள் ஒலியைத் திருப்பித் தந்து மெல்லிய குரலையும் நிறைத்துக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மெரினாவில் அலைக்குப் பக்கமாக நடந்தால் முழுக் குரலையும் விடலாம். பாடும்போது மூச்சைச் சிறுகச் சிறுக நீளமாக வெளியே விட வேண்டியிருக்கிறது. மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு. படபடப்பாக இருக்கும்போது, ஓர் அடியை ஒரே மூச்சில் முடிக்கும் வேகத்தில் நான்கைந்து முறை பாடினால் போதும், தோள் இறங்குவது தெரியும். 2020-இல் இருபது விநாடி கை கழுவச் சொன்னபோது, எங்கள் வீட்டில் ஒரு திருப்பாவைப் பாசுரம் முடியும்வரை குழாயடியில் நின்றோம்.

வீட்டில் சிறு குழந்தை தனியாகப் பேசி விளையாடினால் தடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பியின் பேத்திக்கு நான்கு வயது. மரக்கட்டைகளை அடுக்கும்போது "இது பெருசு, கீழே… இல்ல, விழும், அதை எடு" என்று தனக்கே ஆணையிடுவாள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதைத்தான் கூர்ந்து கவனித்தார். பிறரிடமிருந்து கற்ற பேச்சைக் குழந்தை முதலில் தனக்குத்தானே உரக்கச் சொல்லித் தன்னை நடத்திக்கொள்கிறது. பிறகு அது தேய்ந்து உள்ளே போய் எண்ணமாகிறது. வேலை கடினமானால் பேச்சு அதிகமாகிறது என்பது அவர் கண்டது. "என்ன தனியா பேசறே?" என்று அந்த நேரத்தில் கேட்பது, எண்ணிக்கொண்டிருப்பவரை இடையில் கூப்பிடுவது போன்றது.

கவலைப்பட வேண்டிய பேச்சும் உண்டு. கடையில் நிற்பவள் என்ற முறையில் அதையும் சொல்லியாக வேண்டும். பிறருக்குக் கேட்காத குரல் ஒருவருக்குக் கேட்டு, அதற்கு அவர் பதில் சொல்வாரானால், அது நான் இதுவரை சொன்ன பழக்கம் அல்ல. வயதானவர் திடீரென்று இடம் பொழுது தெரியாமல் பேசத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, மருந்தின் விளைவு என்று உடல் காரணங்கள் இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தன்னைத்தானே ஓயாமல் இழித்துப் பேசுவதும், வாழப் பிடிக்கவில்லை என்று தனக்குள் சொல்வதும் பக்கத்தில் இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டியவை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போவதில் எந்த இழிவும் இல்லை.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களோடு ஓர் உடன்பாடு தேவை. நான் பேசுவது தன்னிடமா, எனக்கேவா என்று தெரியாமல் என் கணவர் நெடுநாள் சிரமப்பட்டார். பதில் சொன்னால் "உங்களைக் கேக்கல" என்பேன். சொல்லாவிட்டால் "காதுல விழலையா" என்பேன். அவர் பொறுமையாக ஒருநாள் கேட்ட பிறகு, "என்னங்க" என்று தொடங்கினால் அவருக்கு, இல்லையென்றால் எனக்கு என்று முடிவு செய்துகொண்டோம். இன்று காலை கிளம்பும்போது "குடை இருக்கா?" என்றேன். அவர் நாளிதழிலிருந்து நிமிரவில்லை. பைக்குள் கையை விட்டு, குடையின் பிடியைத் தொட்டு, "இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.